திங்கள் மடல்: ஜாவாவுக்கு அகவை முப்பது



சென்ற திங்கள் நம் சங்க நூலகத்தில் இளைஞர் இருவர் பேசிக்கொண்டிருந்தனர். "ஜாவாவுக்கு முப்பது ஆண்டு நிறைந்துவிட்டது" என்றார் ஒருவர். பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன தம்பி கணக்கு இது? ஜாவா வந்து அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிறதே! மைசூரில் தொழிற்சாலையை மூடித்தான் ஏறத்தாழ முப்பது ஆண்டு ஆகும்" என்றார்.

பெரியவர் கூறியது மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் 1961 முதல் செய்யப்பெற்ற மோட்டார் சைக்கிளை. இளைஞர் கூறியதோ கணினிக்கு ஆணை எழுதப் பயன்படும் மொழியை. வியப்பு என்னவென்றால், இருவர் கணக்கும் சரியே. மைசூர்த் தொழிற்சாலை மூடப்பட்டது 1996-இல். கணினி மொழியாகிய ஜாவாவின் முதற்பதிப்பு வெளிவந்ததும் அதே 1996-ஆம் ஆண்டு சனவரியில்தான். ஒரு ஜாவா ஓய்ந்த ஆண்டில் மற்றொரு ஜாவா ஓடத் தொடங்கியது.

இந்த இரண்டாம் ஜாவாவைப் பற்றி இத்திங்கள் எழுதவேண்டும் எனக் கருதினோம். நாம் பத்தாம் வகுப்புத் தேறி ரயில்வேயில் எழுத்தர் பணி பார்ப்பவர். ஒரு வரி நிரலும் எழுதியறியோம். ஆயினும் பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை வீட்டு உலை இந்த மொழியால் கொதிக்கிறது என்பதை அறிவோம். அலசூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் உள்ள நம் வீடுகளிலிருந்து காலையில் வைட்ஃபீல்டுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் புறப்படும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் சிலரேனும் ஜாவா என்பர். பிள்ளைகளின் தொழில் இன்னதென்று பெற்றோர் அறிந்திருத்தல் நன்று. அறியாமையால் நம் குடும்பத்தார் ஒரு பெருந்தொகையை இழந்தனர். அதையும் மறைக்காமல் கூறுவோம்.

பெயரும் பிறப்பும்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் நிறுவனம் இருந்தது. அங்கே 1991-இல் ஜேம்ஸ் காஸ்லிங் முதலியோர், தொலைக்காட்சி போன்ற வீட்டுக் கருவிகளை இயக்குவதற்கென ஒரு மொழியை ஆக்கத் தொடங்கினர். காஸ்லிங்கின் அறைக்கு வெளியே நின்ற ஓக் மரத்தின் பெயரையே முதலில் அதற்கு இட்டனர். அப்பெயர் வேறொருவர் உரிமையாக இருந்தமையால், தாம் பருகிய காப்பியின் பெயரைச் சூட்டினர். ஜாவாத் தீவின் காப்பி உலகப் புகழ் பெற்றது அன்றோ? இன்றும் அம்மொழியின் சின்னம் ஆவி பறக்கும் காப்பிக் கோப்பையே. அத்தீவு நமக்கும் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் சாவக நாடு அதுவே என்பர் அறிஞர் பலர்.

1995 மே 23-ஆம் நாள் ஜாவா உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆகவே 2025 மே திங்களில் அதற்கு முப்பது அகவை நிறைந்தது. 2010 சனவரியில் சன் நிறுவனம் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. தந்தையெனப் போற்றப்பெறும் காஸ்லிங் அவ்வாண்டு ஏப்ரலிலேயே ஆரக்கிளை விட்டு விலகினார். 2024-இல் பணி ஓய்வு பெற்றார். பெற்றவர் ஓய்ந்தார்; பிள்ளை ஓடிக்கொண்டிருக்கிறது.

இம்மொழியின் சிறப்பு யாது? ரயில்வே எழுத்தருக்கு விளங்கிய வழியிலேயே சொல்கிறோம். சென்னையிலிருந்து பெங்களூருக்கு வரும் பாதை அகலப் பாதை. பெங்களூரிலிருந்து மைசூருக்குச் சென்ற பாதை நெடுங்காலம் மீட்டர் பாதை. சென்னையில் ஏற்றிய மூட்டை மைசூர் போய்ச் சேரவேண்டுமாயின், பெங்களூரில் அத்தனையும் இறக்கி வேறு வேகனில் ஏற்றவேண்டும். கூலி, தாமதம், கிழிந்த மூட்டை, குறைந்த எடை, அதனால் எழும் வழக்கு ஆகியவற்றை மூத்த எழுத்தர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

கணினி உலகிலும் அந்நாளில் இதே தொல்லை. ஒவ்வொரு வகைக் கணினியும் ஒவ்வோர் அகலப் பாதை போன்றது. ஒன்றுக்கென எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது, மாற்றி எழுதவேண்டும். ஜாவாவை ஆக்கியோர் கண்ட வழி இது: நிரலை எந்தக் கணினிக்கும் உரித்தல்லாத ஓர் இடைநிலை வடிவில் ஆக்கிக்கொள்வது, பின்னர் அவ்வடிவைப் படித்து அந்தந்தக் கணினிக்கேற்ப இயக்கும் மென்பொருள் எந்திரம் ஒன்றை ஒவ்வொரு கணினியிலும் வைப்பது. போலந்து எல்லையை ஒட்டிய பிரெஸ்ட் நகரில், பயணிகள் இறங்காமலே ரயில் பெட்டியைத் தூக்கிச் சக்கரத் தொகுதியை மாற்றி அடுத்த பாதையில் நெடுங்காலம் இறக்கிவந்தார்கள். அதுபோலவே இது. சரக்கு அப்படியே இருக்கிறது. சக்கரம் மட்டும் ஊருக்கேற்ப மாறுகிறது. "ஒருமுறை எழுது, எங்கும் ஓட்டு" என்பதே சன் நிறுவனம் முழங்கிய வாசகம்.

இன்னொன்றும் நாம் மகிழத் தக்கது. உலக மொழிகளின் எழுத்துகளை ஒன்றாய்த் தொகுத்த யூனிகோடை ஜாவா தன் முதற்பதிப்பிலேயே ஏற்றது. ஆதலின் நிரலில் வரும் பெயர்களைத் தமிழெழுத்திலேயே எழுதலாம். 'கூட்டுத்தொகை' என்று பெயரிட்டாலும் அது முகஞ்சுளிக்காது.

ஒரு வீட்டுக் கதை

இனி, இழந்த தொகையின் கதை. நம் தந்தையார் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. மூவாயிரம் மீட்டருக்கும் கீழே சென்ற சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பணியாற்றியவர். பாறை எழுப்பும் ஓசையைக் கேட்டே, அது வெடிக்குமா அடங்குமா எனச் சொல்லிவிடுவார். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. பூமிக்குக் கீழே உயிர்களைக் காத்த அவ்வறிவுக்கு மேலே, வெளிச்சத்தில், ஒரு காசும் விலையில்லாமற் போயிற்று. அதனைக் கண்ணாரக் கண்ட நம் தமையனார், "நம் பிள்ளைக்கு எங்கும் செல்லும் கல்வி வேண்டும்" என்று உறுதி பூண்டார். படிப்பு என்று எவர் சொன்னாலும் பணத்தை எடுத்து நீட்டுவார்.

அவர் மகன் 2024-இல் பட்டம் பெற்றான். நகரில் ஒரு பயிற்சி நிலையத்தார், ஆறு திங்களில் ஜாவா கற்பித்து வேலையும் தேடித் தருவதாகக் கூறினர். கட்டணம் 45,000 ரூபாய். அண்ணியாரின் வளையல் இரண்டும் அடகுக்குப் போயின. பையன் ஒரு நாளும் வகுப்புத் தவறவில்லை. தடித்த குறிப்பேடு ஒன்று நிறைந்தது. ஆறாம் திங்களில், சிரிக்கும் முகம் ஒன்றை வரைந்து காட்டும் 'ஆப்லெட்' என்னும் நிரலை அவன் எழுதினான். வீட்டார் அனைவரும் கூடி நின்று பார்த்து மகிழ்ந்தோம்.

அடுத்த திங்கள் ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு. 'நீ எழுதிய ஒரு நிரலைக் காட்டு' என்றார்கள். பையன் சிரிக்கும் முகத்தை எழுதி, இயக்கும் ஆணையையும் தட்டினான். அப்படியோர் ஆணையே இல்லை என்று கணினி விடையளித்தது. மூன்று முறை தட்டினான். மூன்று முறையும் அதே விடை. தேர்வாளர் நல்லவர், கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, ஆப்லெட்டை 2017-இலேயே 9-ஆம் பதிப்பில் ஒதுக்கிவிட்டார்கள். அதை இயக்கும் கருவியையும் 2018-இல் 11-ஆம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். உமக்குக் கற்பித்தவர் யார்?" என்று கேட்டார். பயிற்சி நிலையத்துக் கணினிகளில் இருந்தது 2014-இல் வெளிவந்த 8-ஆம் பதிப்பு. குறிப்புகளோ அதற்கும் முந்தியவை.

அன்றிரவு பையன் உண்ணவில்லை. அண்ணியார் வளையலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் சோற்றை எடுத்து மூடிவைத்தார். அதுதான் எல்லோரையும் சுட்டது. மறுநாள் பயிற்சி நிலையத்தாரிடம் சென்று கேட்டோம். "அடிப்படை மாறாது ஐயா" என்றனர். அடிப்படை மாறாது என்பது பாதி உண்மை. மற்றப் பாதி என்ன என்பதை அறியவே நாம் பையனோடு அமர்ந்து இச்செய்திகளைத் தொகுக்கத் தொடங்கினோம்.

கால அட்டவணை மாறியது

முன்னாளில் ஜாவாவின் புதிய பதிப்பு எப்போது வரும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. மூன்றாண்டு, நான்காண்டு எனக் காத்திருந்ததும் உண்டு. 2018 மார்ச் முதல் அம்முறை மாறிற்று. இப்போது மார்ச்சில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று என ஆறு திங்களுக்கொரு பதிப்பு. பணி முடியாத பகுதிக்காக வண்டி நிற்பதில்லை. அப்பகுதி அடுத்த வண்டியில் ஏறும். கால அட்டவணையைக் காப்பாற்றுதல் எத்துணை அரிது என்பதை ரயில்வேயாராகிய நாம் நன்கு உணர்வோம்.

இவற்றுள் சில பதிப்புகள் நெடுங்காலப் பாதுகாப்புக்குரியவை. வங்கிகளும் பெருநிறுவனங்களும் அவற்றையே பெரிதும் நம்புகின்றன. 2014-இன் 8, 2018-இன் 11, 2021-இன் 17, 2023-இன் 21, 2025 செப்டம்பர் 16-இல் வந்த 25 ஆகியவை அவ்வகை. இரண்டாண்டுக்கு ஒன்று என்னும் இம்முறைப்படி அடுத்தது 2027 செப்டம்பரில் வரவேண்டிய 29.

21-ஆம் பதிப்பில் வந்த பெரிய மாற்றம் ஒன்று. முன்பதிவு அலுவலகத்தில் ஒரு சன்னலில் ஓர் எழுத்தர் இருக்கிறார் எனக் கொள்வோம். ஒரு பயணிக்கு வேறொரு நிலையத்திலிருந்து தொலைபேசியில் விடை வரவேண்டும். விடை வரும்வரை எழுத்தர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தால் பின்னால் வரிசை நீளும். சன்னல்களைக் கூட்டலாம், ஆயினும் எத்தனை சன்னல் திறக்க முடியும்? பழைய ஜாவா நிரல்கள் பெரும்பாலும் இவ்வாறே நடந்தன. இப்போதோ, காத்திருப்பவரின் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு எழுத்தர் அடுத்தவரை அழைக்கிறார். விடை வந்ததும் ஓரத்துச் சீட்டை எடுக்கிறார். இதனால் ஒரே கணினி பல இலட்சம் வேலைகளை ஒருசேர ஏற்று நடத்த இயலும். இதற்கு 'மெய்நிகர் இழை' என்று பெயர். இதை ஆக்க அவர்களுக்குப் பல்லாண்டு பிடித்தது.

2025 மார்ச்சில் வந்த 24-ஆம் பதிப்பில் வருங்காலத்துக்கான பூட்டு ஒன்று வந்தது. குவாண்டம் கணினி என்னும் புதுவகை வலிமை பெற்றால், இன்று வங்கிக் கணக்குகளைக் காக்கும் மறைகுறிகள் சில உடைபடும் என்று அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தைத் தாங்கும் முறைகளை அமெரிக்கத் தர நிறுவனம் 2024 ஆகஸ்டில் வகுத்தது. ஏழு திங்களில் ஜாவா அவற்றுள் இரண்டை ஏற்றுக்கொண்டது. திருடன் வருமுன் கதவை மாற்றுவது நல்ல குடித்தனம்.

25-ஆம் பதிப்பின் மாற்றங்களுள் நம் இல்லங்களுக்கு நெருங்கியது தொடக்க மாணவர்க்கு உரியது. இதுவரை, திரையில் 'வணக்கம்' என்று ஒரு சொல் காட்டவேண்டுமானாலும், 'பப்ளிக் ஸ்டாடிக் வாய்ட் மெயின்' என்று தொடங்கும் நீண்ட தொடரை மாணவர் எழுதியே தீரவேண்டும். பொருள் கேட்டால் "பிறகு விளங்கும், இப்போது மனப்பாடம் செய்" என்பதே விடை. பொருளறியா மந்திரத்தோடு தொடங்கிய கல்வியில் எத்தனை பிள்ளைகள் முதல் வாரத்திலேயே அஞ்சி விலகினரோ! இப்போது அம்மந்திரம் வேண்டியதில்லை. மூன்று வரியில் வணக்கம் சொல்லலாம். முப்பது ஆண்டு முதிர்ந்த மொழி, புதிதாய் வருவோர்க்காகத் தன் வாயிற்படியைத் தாழ்த்தியது பெருந்தன்மை.

அதே பதிப்பில் சிக்கனமும் உண்டு. ஜாவா நினைவகத்தில் வைக்கும் ஒவ்வொரு பொருளின்மேலும், பார்சலில் ஒட்டும் சீட்டைப் போல ஒரு தலைக்குறிப்பு இருக்கும். அது பெரும்பாலும் 12 பைட் இடம் கொள்ளும். விரும்பினால் அதனை 8 பைட் ஆக்கிக்கொள்ளலாம். பொருள்கள் கோடிக்கணக்கில் இருக்கும்போது மிச்சம் பெரிது. மற்றொருபால், பழைய 32-பிட் எக்ஸ்86 கணினிகளுக்கான வடிவை இப்பதிப்போடு கைவிட்டனர். நன்கொடையாக வரும் பழங்கணினிகளை வாங்கி வகுப்பு நடத்த எண்ணும் சங்கங்கள் இதனை நினைவிற் கொள்க. நம் பையனின் ஆப்லெட்டுக்கோ, எஞ்சிய சுவடுகளையும் 26-ஆம் பதிப்பில் அகற்றுவதென முடிவாயிற்று.

பழையதும் வாழ்கிறது

இவ்வளவும் கேட்டு, 'பழையது கற்றவன் கெட்டான்' என எண்ணிவிட வேண்டா. ஜாவா தன் பழைய நிரல்களைக் கைவிடாமையில் பெயர் பெற்றது. இருபது ஆண்டுக்கு முன் எழுதிய நிரல்கள் பல இன்றைய எந்திரத்திலும் ஓடுகின்றன. அதனால்தான் வங்கிகள் அதனை நம்புகின்றன. 8-ஆம் பதிப்பில் எழுதப்பட்டு இன்றும் உழைக்கும் நிரல்கள் நாடெங்கும் உள்ளன. பழையதை அறிந்தவரே அவற்றைப் புதிய பதிப்புக்குக் கொண்டுவர இயலும். ஆப்லெட் போலச் சில உறுப்புகள் மட்டும் உதிர்கின்றன; அவையும் முன்னறிவிப்போடே உதிர்கின்றன. அறிவிப்புப் பலகையைப் படிக்காதவரே வண்டியைத் தவறவிடுகின்றனர்.

உரிமை யாருக்கு? உழைப்பு யாருக்கு?

அடுத்த செய்தி பணத்தைப் பற்றியது. 2019 சனவரி முதல், 8-ஆம் பதிப்புக்கு ஆரக்கிள் தரும் புதிய திருத்தங்களை வணிகத்துக்குப் பயன்படுத்துவோர் கட்டணம் செலுத்தவேண்டும் என்றாயிற்று. 2021-இல் 17-ஆம் பதிப்பு முதல், கால வரையறைக்கு உட்பட்டுச் சற்றுத் தளர்த்தினர். 2023 சனவரியில் கட்டணக் கணக்கையே மாற்றினர். ஜாவாவைத் தொடுபவர் எத்தனை பேர் என்று பாராமல், நிறுவனத்துப் பணியாளர் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் கட்டணம் என்றனர். சிறு நிறுவனத்துக்கு ஆள் ஒன்றுக்குத் திங்கள்தோறும் 15 டாலர் என்பது அப்போது அறிவித்த விலை. ஐம்பது பேர் உள்ள இடத்தில் ஐவர் மட்டுமே நிரல் எழுதினாலும், திங்களுக்கு 750 டாலர்.

ஆயினும் அஞ்சவேண்டா. சன் நிறுவனம் 2006, 2007 ஆண்டுகளில் ஜாவாவின் மூலத்தைப் பொதுவுடைமையாகத் திறந்துவிட்டது. 'ஓப்பன்ஜேடிகே' என்னும் அப்பொது ஊற்றிலிருந்து பலர் தத்தம் குடத்தில் மொண்டு கட்டணமின்றி வழங்குகின்றனர். எக்லிப்ஸ் அறக்கட்டளையின் கீழ் வரும் 'டெமுரின்' ஒன்று. அமேசானின் 'கொரெட்டோ' மற்றொன்று. ஆகவே ஜாவா கற்க மென்பொருள் விலை என்று எவரேனும் பணம் கேட்டால், குழாய்த் தண்ணீருக்கு விலை கேட்கிறார் என்று கொள்க.

பொதுவாய்க் கிடைப்பதைப் பேணுபவர் யார்? 2021 டிசம்பரில் உலகம் இக்கேள்வியைக் கேட்க நேர்ந்தது. நிரல்கள் தம் அன்றாட நடப்பைப் பேரேட்டில் பதிய உதவும் 'லாக்4ஜே' என்னும் பொது மென்பொருள் உண்டு. ஜாவா நிரல்களில் மிகப் பலவற்றுள் அது இருந்தது. அதில் ஒரு பிழை. மனுவில் எழுதியதைப் பேரேட்டில் பதிவதே எழுத்தர் கடமை. 'இன்ன முகவரிக்குச் சென்று இன்னதை எடுத்துவந்து நடத்து' என்று ஒருவன் மனுவில் எழுதியிருந்தால், பதிவதோடு நில்லாமல் எழுந்து போய் அப்படியே செய்கிற எழுத்தரை எண்ணிப் பாருங்கள். அம்மென்பொருள் அப்படித்தான் நடந்துகொண்டது. கேட்டின் அளவைக் குறிக்கும் மதிப்பெண்ணில் பத்துக்குப் பத்து. உலகெங்கும் பொறியாளர் உறக்கமின்றித் திருத்தினர். நம் சங்கத்து வீடுகளிலும் அவ்வாரம் விளக்கு அணையவில்லை. அம்மென்பொருளைப் பேணி வந்தோரோ, வேறு பணி பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் ஊதியமின்றி உழைத்த ஒரு சிலர். கோடி பேர் நீர் இறைக்கும் கிணற்றைத் தூர்வார நால்வரே இருந்தனர்.

ஊர்க்கிணற்றைத் தூர்வாருதல் ஊர்க்கடமை என்று வளர்ந்தவர் நாம். நம் பிள்ளைகள் இப்பொதுச் செல்வத்தால் வாழ்கின்றனர். பிழை காணின் தெரிவித்தல், விளக்கம் எழுதுதல், திருத்தம் செய்து தருதல் ஆகியவற்றால் அவர்களும் ஒரு கை மண் அள்ளலாம். இதற்கு நம் நகரிலேயே நல்ல சான்று உண்டு. எலெக்ட்ரானிக் சிட்டியிலுள்ள பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் 2018-இல் 'மோசிப்' என்னும் பணி தொடங்கிற்று. ஒரு நாடு தன் குடிமக்களுக்கு அடையாள எண் வழங்குவதற்கான மென்பொருள் அது. பெரும்பாலும் ஜாவாவில் எழுதப்பெற்று, எவரும் எடுத்துக்கொள்ளத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. பிலிப்பைன்சும் மொராக்கோவும் எத்தியோப்பியாவும் அதனைக் கொண்டு தம் மக்களைப் பதிந்துள்ளன. பெங்களூரில் எழுதிய வரி அடிஸ் அபாபாவில் ஓடுகிறது.

பையன் என்ன ஆனான்?

தமையனார் மகன் பழைய மடிக்கணினி ஒன்றில் டெமுரினை இலவசமாக இறக்கிக்கொண்டான். குறிப்பேட்டை எறியவில்லை, ஒவ்வொரு பாடத்துக்கும் எதிர்ப்பக்கத்தில், இன்று அது எவ்வாறு எழுதப்படுகிறது என்று சிவப்பு மையில் எழுதினான். எட்டுத் திங்கள் ஆயிற்று. பெங்களூரின் ஜாவா பயனர் குழுவினர் கூடும் கூட்டங்களுக்கும் சென்றான். அங்கே கட்டணம் இல்லை, மூத்தோர் கேட்டால் சொல்கின்றனர்.

இப்போது வைட்ஃபீல்டில் ஒரு சிறு நிறுவனத்தில் பயிற்சியாளன். அவனுக்குத் தந்த முதல் வேலை என்ன தெரியுமா? 8-ஆம் பதிப்பில் எழுதிய பழைய நிரலை 21-க்குக் கொண்டுவருதல். அதிலும் ஒரு வேடிக்கை. பெருநிறுவன நிரல்களுக்கான ஜாவாத் தொகுதியை 2017-இல் ஆரக்கிள் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்கு ஒப்படைத்தபோது, ஜாவா என்னும் பெயரை மட்டும் கொடுக்கவில்லை. பெற்றவர்கள் அத்தீவிலுள்ள நகரின் பெயரையே எடுத்து, 2018-இல் 'ஜகார்த்தா' என்று சூட்டினர். 2020 டிசம்பரிலிருந்து நிரல்களுக்குள்ளும் 'ஜாவாக்ஸ்' என்று இருந்த இடங்களில் 'ஜகார்த்தா' என்று மாற்றவேண்டியதாயிற்று. அம்மாற்றத்தை நிரல் முழுவதும் செய்து சோதிப்பதே அவன் பணி. பழைய முறையை ஐயமறப் படிக்கத் தெரிந்தவன் அக்குழுவில் அவன் ஒருவனே. ஆறு திங்கள் கற்றது முழுதும் வீண்போகவில்லை. வளையல்தான் இன்னும் மீளவில்லை.

"கணினியே நிரல் எழுதும் காலம் வந்துவிட்டதே, இனி இவனுக்கு வேலை இருக்குமா?" என்று அண்ணியார் கேட்டார். "எழுதட்டும் அம்மா. எழுதியது சரியா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திட ஆள் வேண்டுமல்லவா?" என்றான். இது முழு விடையன்று என்பதை அவனும் அறிவான். ஆயினும் படிக்கக் கற்றவன் சொல்லும் விடை.

பெற்றோர்க்கு மூன்று கேள்விகளைத் தருகிறோம். பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டுமுன் இவற்றைக் கேளுங்கள். முதலாவது: எந்தப் பதிப்பைக் கற்பிக்கிறீர்கள்? 17-க்குக் குறைந்த எண் வந்தால் செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டாவது: ஆசிரியர் எங்கள் முன் ஒரு நிரலை எழுதி இயக்கிக் காட்டுவாரா? மூன்றாவது: கட்டணத்தில் மென்பொருளின் விலை எவ்வளவு? சுழியம் என்பதே சரியான விடை. இம்மூன்றையும் கேட்க ஆங்கிலமும் வேண்டா, பட்டமும் வேண்டா.

தந்தையார் இன்றும் தங்கவயலில்தான் இருக்கிறார். சென்ற முறை சென்றபோது பேரன் தன் பணியை அவருக்கு விளக்கினான். நெடுநேரம் கேட்டிருந்து, "அங்கே பழைய சுரங்கத்தை மூடுவதற்குமுன் சொல்கிறார்களா?" என்று கேட்டார். "சொல்கிறார்கள் தாத்தா. பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள்" என்றான் அவன். "அப்படியானால் நல்ல முதலாளிகள். நீ காதைத் திறந்து வைத்துக்கொள்" என்றார் பெரியவர்.

பாறையின் ஓசை கேட்டுப் பிழைத்தவர் சொல் அது. நம் வீட்டுப் பிள்ளைகள் அனைவர்க்கும் அதனையே கூறி இத்திங்கள் மடலை முடிக்கிறோம்.